வண்டு வயிற்றில் ராசா பேர்

மதுரைப் பொற்கொல்லன் எவனாவது பாண்டிமாதேவியின் சிலம்பில் உட்பக்கமாக ஒரு பேரைப் பொறித்து வைத்திருந்தால் காரைதீவின் சரித்திரமே வேறாகப் போயிருக்கும். கோவலன் கொண்டுவந்த சிலம்பைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள். பேர் இல்லை. "சரி தம்பி, நீ போ" என்று விட்டிருப்பார்கள். மதுரை எரிந்திராது. அந்தச் சூட்டைத் தணிக்க வைகாசியில் நாங்கள் குளிர்த்தி பாட வேண்டியும் வந்திராது. கண்ணகை அம்மன் கோயில் வாசலில் கச்சான் விற்கிறவருக்குப் பிழைப்பே இல்லை. முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்தால்தான் தன் வீட்டு நகை எது என்று ஓர் அரண்மனைக்குத் தெரியவரும் என்றால், அது எப்பேர்ப்பட்ட நிருவாகம்!

எகிப்துக்காரரிடம் இந்தக் குறையைக் காண முடியாது. செங்கல்லில் ராசா பேர், சாடியில் ராசா பேர், கைத்தடியில் ராசா பேர். பேரைச் சும்மாவும் எழுதமாட்டார்கள். சுற்றிவர நீள்வட்டமாக ஒரு கயிற்றைப் போட்டு, ராசாவின் பேர் வெளியே விழுந்துவிடாமல் கட்டி வைப்பார்கள். இப்படி எழுதி எழுதி இடம் போதாமல் போனபோது அவர்கள் கண்ணில் பட்டதுதான் சாணி உருட்டுகிற வண்டு.

மாடு போன வழியில் இந்த வண்டைப் பார்க்காத ஆள் இல்லை. தன்னைவிடப் பெரிய உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு, தலைகீழாக, பின்பக்கமாகவே நடந்து போகும். பார்க்கிற நமக்கு மூக்கைப் பொத்தத் தோன்றும். எகிப்துக்காரருக்குக் கும்பிடத் தோன்றியது. வானத்தில் சூரியனையும் யாரோ இப்படித்தான் கிழக்கிலிருந்து மேற்கே உருட்டிக்கொண்டு போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உருட்டுகிற ஆளுக்குக் கெப்ரி என்று பேர். கல்லறைச் சுவர்களில் அந்தத் தெய்வத்தைப் பார்க்க வேண்டும்: கழுத்து வரைக்கும் கண்ணியமான மனிதர், கழுத்துக்கு மேலே மூக்கு முழி ஒன்றுமில்லை, முழுசாக ஒரு வண்டு குந்தியிருக்கும். மண்ணுக்குள் புதைத்த உருண்டையிலிருந்து குஞ்சு வண்டு வெளியே வருவதைக் கண்டவர்கள், இது தாய் தகப்பன் இல்லாமல் தானாகப் பிறக்கிறது என்றும் நம்பினார்கள். பெண் வண்டு உள்ளே முட்டையிட்டுவிட்டுப் போனதை யாரும் கவனிக்கவில்லை. பெண்கள் செய்கிற வேலை அந்தக் காலத்திலும் கணக்கில் சேரவில்லை போலும்.

பிறகென்ன, மாக்கல்லில் வண்டு செதுக்குகிற தொழில் தொடங்கியது. பெரும்பாலானவை விரல் நகமளவுதான். மேலே முதுகு, சிறகு, தலை எல்லாம் வடிவாக இருக்கும். தலையிலிருந்து வால்வரை நூல் கோக்க ஒரு துளை. மேலே பச்சையோ நீலமோ பளபளப்புப் பூச்சு. வயிற்றுப் பக்கத்தைத் தட்டையாகச் சீவி, அங்கேதான் எழுத்தை வெட்டுவார்கள். களிமண்ணில் அழுத்தினால் முத்திரை, கழுத்தில் கட்டினால் காவல். நம் பக்கத்தில் அரையில் கட்டுகிற அட்சரக்கூட்டுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று கட்டியவருக்கே தெரியாது. இந்த வண்டிலோ எழுத்து வெளியிலேயே கிடக்கும். என்ன, அதை வாசிக்கத் தெரிந்த ஆள் ஊரில் ஒன்றிரண்டு பேர்தான்.

செத்தவருக்கு வேறு வண்டு. அது கொஞ்சம் பெரிது. நெஞ்சுப் பக்கத்தில் வைத்துக் கட்டுவார்கள். அதில் வெட்டியிருக்கும் மந்திரத்தின் சாரம் இதுதான்: என் இருதயமே, மேலுலக விசாரணையில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடாதே. தர்மம் செய்தேன், புண்ணியம் செய்தேன் என்று வாதாடுகிற சிரமமெல்லாம் இல்லை. நேராகச் சாட்சியைப் பிடித்துக் கெஞ்சிவிடுகிறார்கள். வழக்காடத் தெரிந்த சனம்.

இந்த வண்டைப் பத்திரிகையாக்கியவர் மூன்றாம் அமென்ஹோதெப். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஆண்டவர், எதையும் சின்னதாகச் செய்து பழக்கமில்லாதவர். வீட்டில் நடக்கிற விசேடங்களையெல்லாம் பெரிய வண்டுகளின் வயிற்றில் வரிவரியாக வெட்டி நாலு திசைக்கும் அனுப்பினார். சிரியாவில் கிடைத்திருக்கிறது, சூடானில் கிடைத்திருக்கிறது. ஐந்து செய்திகள், இருநூறுக்கும் மேற்பட்ட பிரதிகள் இன்றும் உலகத்து நூதனசாலைகளில் இருக்கின்றன.

முதலில் காட்டு மாட்டு வேட்டை. ஆட்சியின் இரண்டாம் ஆண்டில் ராசா 96 காட்டு மாடுகளை வீழ்த்தினாராம். முழுக்க வாசித்தால்தான் விசயம் தெரிகிறது: மாடுகளைச் சுற்றி முன்கூட்டியே வேலியடைத்துப் பள்ளமும் வெட்டி வைத்திருந்தார்கள். பட்டிக்குள் நிற்கிற மாட்டை அடிப்பதற்கு வீரம் எதற்கு என்று கேட்க அங்கே ஆளில்லை. அடுத்தது சிங்கம். பத்து வருடத்தில் 102, எல்லாம் தன் கையாலேயே எய்ததாம். அதைச் சிங்கங்கள் வந்து மறுக்கப்போவதில்லை.

வீட்டு விசயத்துக்கு வருவோம், அதுதான் உருசி. மகாராணி தியேயைக் கட்டியதைச் சொல்லும் வண்டில் ராசா தன் பட்டங்களை அடுக்கிவிட்டு, மாமனார் பேர் யூயா, மாமியார் பேர் தூயா என்று பக்குவமாக எழுதி வைத்தார். இருவரும் அரச குலமில்லை. உலகத்தை ஆளுகிறவன் மாமன் மாமி பேரை ஊருக்கெல்லாம் அறிவிப்பதைப் பார்த்து மற்ற இடத்துக்காரர் ஆச்சரியப்படலாம். நமக்கென்ன ஆச்சரியம்? காரைதீவானாலும் சாய்ந்தமருதானாலும் குடி தாய்வழி, மாப்பிள்ளை போவது பெண் வீட்டுக்கு. ஆளை யாரென்று கேட்டால் "இன்னாரின் மருமகன்" என்பதுதான் பதில். அமென்ஹோதெப் மட்டக்களப்புத் தேசத்து மாப்பிள்ளையாகவே நடந்துகொண்டார்.

பத்தாம் ஆண்டில் கதை மாறுகிறது. மித்தானி நாட்டு ராசாவின் மகள் கிலுகெப்பா 317 பெண்கள் புடைசூழ வந்து இறங்குகிறாள். அதற்கும் ஒரு வண்டு. அந்தக் கலியாண அறிவித்தலை எடுத்துப் பார்த்தால் மேலே முதல் மனைவி தியேயின் பேர், அவளுடைய தகப்பன் பேர், தாய் பேர், எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதற்குப் பிறகுதான் புதுப்பெண்ணைப் பற்றிய செய்தி. அந்த வாசகத்தை யார் மேற்பார்வை செய்து அனுப்பியிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்த வருடமே ஐந்தாவது வண்டு: தியேக்கு ஒரு குளம். நீளம் 3,700 முழம், அகலம் 700 முழம், எகிப்து முழக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் நீளம். உத்தரவு போட்டது மாதத்தின் முதலாம் நாள், ராசா தங்கமாய் மின்னுகிற படகில் ஏறி அதில் மிதந்தது 16ஆம் நாள். நம் வயல்களுக்குத் தண்ணீர் தருகிற இங்கினியாகலைச் சமுத்திரத்துக்கு ஆண்டுக்கணக்கு எடுத்தது. பதினைந்து நாளில் குளம் வெட்டுகிற அவசரம் ஒருவனுக்கு எப்போது வரும்? 317 பெண்களோடு இரண்டாம் தாரம் வந்திறங்கிய பிறகு வரும். ஆராய்ச்சியாளர்கள் இதை நீர்ப்பாசனம் என்றும் சடங்கு என்றும் விவாதிக்கிறார்கள். கலியாணமானவர்களைக் கேட்டிருக்கலாம்.

பேர் நிலைக்க வேண்டுமென்று இவர் இவ்வளவு பாடுபட, பெரிதாகப் பாடுபடாமல் பேர் நின்றது மூன்றாம் துத்மோசுக்கு. அவர் அரியணைப் பேர் மென்கெப்பர்ரே. மூன்று எழுத்து, அதில் ஒன்று வண்டேதான். வெட்டச் சுலபம், பார்க்க அழகு, ராசியான பேர் என்றும் சொல்லிக்கொண்டார்கள். ஆள் செத்துப் பல நூற்றாண்டு கழித்தும் பட்டறைகள் அந்தப் பேரிலேயே வண்டு செய்து தள்ளின. இதனால் இன்றைய அகழ்வாராய்ச்சிக்காரர் படுகிற பாடு சொல்லி முடியாது. குழியில் மென்கெப்பர்ரே கிடைத்ததென்று ஆண்டைக் கணக்குப் போட்டால் பக்கத்தில் கிடக்கிற சட்டி சிரிக்கும். இதே துத்மோசுதான் தன் சிற்றன்னை ஹத்செப்சுத் செத்தபின் அவள் பேரைச் சுவர் சுவராகக் கொத்திக் கிளறியவர். அந்த அம்மா லேசுப்பட்டவளல்ல. பெண்ணாயிருந்தும் ஒட்டுத்தாடி வைத்து ராசாவாகவே நின்றவள். தேர் எல் பஹரியில் கோயில் கட்டும்போதே அத்திவாரக் குழிகளில் நூற்றுக்கணக்கான வண்டுகளைப் போட்டு மூடச் செய்திருந்தாள். சுவரைக் கொத்தியவர்கள் அத்திவாரத்தைக் கிண்டவில்லை.

செசி என்றொரு ராசாவும் இருந்தார். கோயில் இல்லை, கல்லறை இல்லை, சிலை இல்லை. யாரோடு சண்டை போட்டார், யாரைக் கட்டினார், ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் பேர் வெட்டிய வண்டுகள் நூற்றுக்கணக்கில், எகிப்திலிருந்து பாலஸ்தீனம் வரை கிடக்கின்றன. பிரமிட் கட்டியவனை வெறும் கல்லுக்காகவே கொள்ளையடித்தார்கள். விரல் நகமளவு வண்டை யார் கொள்ளையடிப்பார்?

நெபர்த்தித்தியின் பேர் பொறித்த தங்க வண்டு ஒன்று மட்டும் கடலுக்குப் போனது. 1982இல் துருக்கியின் உலுபுருன் முனைக்கருகில் கடற்பஞ்சு எடுக்கப் போன ஒரு சுழியோடி, அடியில் காது வைத்த உலோகப் பிசுக்கோத்து கிடக்கிறதென்று வந்து சொன்னார். இறங்கிப் பார்த்தால் 3,300 வருடத்துக்கு முன் தாழ்ந்த கப்பல், பிசுக்கோத்து என்பது பத்துத் தொன் செப்புப் பாளம். அதற்குள்ளேதான் ராணியின் வண்டு. உலகமே அழகி என்று கொண்டாடுகிற அந்த அம்மாவின் பேர் பழைய நகைகளோடு சேர்ந்து கிடந்திருக்கிறது. உருக்கக் கொண்டுபோனார்களோ, காவலுக்குக் கட்டியிருந்தார்களோ. காவலுக்கென்றால் அது வேலை செய்யவில்லை.

எல்லா வண்டும் நல்ல வண்டல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆபிரிக்காவைச் சுற்றிவரக் கப்பல் அனுப்பியதாக எரொடோட்டசு சொன்ன நெகோ மன்னனின் வாக்குமூலமே வெட்டியதாக இரண்டு வண்டுகள் பிரசெல்சு நூதனசாலைக்கு விலைப்பட்டன. வரலாறே கையில் கிடைத்ததென்று எல்லோரும் துள்ள, பெர்லின் அறிஞர்கள் வாசித்துப் பார்த்துவிட்டு இது நேற்று வெட்டியது என்று கையை விரித்தார்கள். லக்சோரில் போலி வண்டைப் பழசாக்க வான்கோழிக்கு விழுங்கக் கொடுப்பார்கள் என்று ஒரு கதையும் உண்டு. மெய்யோ பொய்யோ, சாணியில் தொடங்கிய தெய்வத்துக்கு அது பொருத்தமான பாதைதான்.

நம் நாட்டு ராசாக்கள் வண்டு பிடிக்கவில்லை. அவர்கள் பிடித்தது செப்புக்காசு.

993இல் இராசராச சோழனின் படை இலங்கைக்கு வந்தது. 1017இல் ஐந்தாம் மகிந்தனை, முடியும் நகையும் சகிதம், இராசராசனின் மகன் படை பிடித்துக்கொண்டு போய்விட்டது. சோழர் அடித்த காசில் ஒரு பக்கம் ஒருவன் நிற்பான், மறுபக்கம் ஒருவன் குந்தியிருப்பான், பக்கத்தில் நாகரி எழுத்தில் ஸ்ரீ ராஜராஜ என்றிருக்கும். நிற்கிறவனை மனிதன் என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் நல்லெண்ணம் வேண்டும். கால் இரண்டு குச்சி, இருபக்கமும் வேட்டி மடிப்புக்குக் கோடு, முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதென்று சொல்ல முடியாது. இந்த உருவமே சோழர் வருமுன் இலங்கைப் பொற்காசில் இருந்ததுதான் என்பார்கள் நாணயக்காரர். வந்தவன் இங்கிருந்ததை எடுத்துத் தன் பேரைப் போட்டான். 1070இல் விசயபாகு சோழரைத் துரத்தினான். கொடியைக் கழற்றினார்கள், பேரைக் கழற்றினார்கள், குச்சிக்கால் மனிதனை மட்டும் யாரும் தொடவில்லை. சந்தைச் சனம் அவனுக்குத்தான் பழகியிருந்தது. ராசா யாரென்பது சனத்துக்கு அவ்வளவு அவசரமான விசயமல்ல, மீன்காரி காசை வாங்குவாளா என்பதுதான் அவசரம்.

பிறகு வந்தான் நிசங்கமல்லன். இவன் காசோடு நிற்கிற ஆளா? 25 தொன் கல்லை மிகிந்தலைப் பக்கமிருந்து பொலனறுவைக்கு இழுத்துவரச் செய்து, முழுக்கத் தன் புகழை வெட்டினான். கல்லை இழுத்த கதையையும் அதே கல்லில் வெட்டினான். போகிற வருகிற இடமெல்லாம் படியில், தூணில், குந்துகிற ஆசனத்தில் அவன் பேர். எகிப்துக்காரன் வண்டுக்குள் அடக்கியதை இவனால் மலைக்குள்ளும் அடக்க முடியவில்லை.

1196இல் அவன் கண்ணை மூடியதும் தொடங்கியது கூத்து. மகன் வீரபாகு ஒரே ஓர் இரவு ராசா. விடிய முன் கொலை. அடுத்தவர் விக்கிரமபாகு, மூன்று மாதம். அவரைக் கொன்று வந்தவர் சோடகங்கன், ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்துக்குள் அவர் தன் பேரில் காசும் அடித்துவிட்டார், அதற்குள் கித்தி என்ற தளபதி அவர் கண்ணைப் பிடுங்கிவிட்டார். நிசங்கமல்லனுக்கு முன் ஆண்ட பராக்கிரமபாகுவின் விதவை லீலாவதி அரியணை ஏறினாள். மூன்று வருடம். பிறகு சகசமல்லன், முடிசூடிய நாள் 1200 ஆகத்து 23 என்று கல்வெட்டுக் கணக்கிலிருந்து துல்லியமாகவே தெரியும். நாளைத் துல்லியமாகக் குறித்து என்ன பயன், இரண்டு வருடத்தில் ஆளைக் காணவில்லை.

இந்தக் காலத்தில் பொலனறுவைக் கம்பட்டத்தில் என்ன பேச்சு நடந்திருக்கும்? நான் கேட்டவரைக்கும் இப்படி:

"மாமா, ராசா மாறிட்டாராம். படத்தையும் மாத்தணுமா?"

"படம் கிடக்கட்டும் மருமகன். பேர மட்டும் வெட்டு. ஆழமா வெட்டாத, வாற மாசமும் வேல இரிக்கு."

"இந்தமுற பொம்புள ராசா, மாமா."

"அதுக்கென்ன? அவன்ட வேட்டிய ஆரு பாக்கப்போறாங்க!"

லீலாவதியின் காசை எடுத்துப் பாருங்கள். ஸ்ரீ ராஜ லீலாவதி என்று எழுதியிருக்கும், மறுபக்கம் அதே குச்சிக்கால் ஆம்பிளை வேட்டியோடு நிற்பான். ஹத்செப்சுத்தாவது தாடியைத் தானே ஒட்டிக்கொண்டாள். இவளுக்கு முழு ஆளையே ஒட்டிவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய பகிடி 1208இல். தர்மாசோகன் அரியணை ஏறினான், வயது மூன்று மாதம். முடியைத் தலையில் வைத்தால் கழுத்து வரைக்கும் இறங்கியிருக்கும். ஸ்ரீ தர்மாசோகதேவ என்று அவனுக்கும் காசு அடித்தார்கள். அதிலும் அதே வளர்ந்த மனிதன். தொட்டிலில் கிடக்கிற ராசா காசில் நிமிர்ந்து நிற்கிறார்! அடுத்த வருடம் அநிகங்கன் சோழநாட்டிலிருந்து படையோடு வந்து குழந்தையைக் கொன்றான். பகிடி அந்த இடத்தில் முடிகிறது. அநிகங்கன் இருந்தது 17 நாள். அவனை அவன் தளபதியே தீர்த்தான். திரும்பவும் லீலாவதி, ஒரு வருடம். இடையில் லோகேசுவரன் ஒன்பது மாதம். திரும்பவும் லீலாவதி, ஏழு மாதம். மூன்று தரம் ராணியானவளை அரியணை விட்டாலும் அவள் அரியணையை விடவில்லை. பாண்டிநாட்டிலிருந்து பராக்கிரம பாண்டியன் வந்து அவளை இறக்கினான். அவனை 1215இல் மாகோன் வந்து இறக்கினான்.

மாகோன் பேரை நம் பக்கத்தில் காசில் தேட வேண்டாம். மட்டக்களப்பு மான்மியத்தைப் பிரித்தால் கோயிலுக்குக் கோயில் யார் எந்த ஊழியம், எந்தக் குடிக்கு எந்த முன்னுரிமை என்று வகுத்துக் கொடுத்த ஆளாக அவன் நிற்கிறான். சூளவம்சமோ அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாது. திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று இன்றைக்கும் நடக்கிற சண்டையில் அவன் பேர் அடிபடுகிறது. 25 தொன் கல்லால் நிசங்கமல்லன் பெறாத வாழ்வு இது.

குச்சிக்கால் மனிதன் மாகோனையும் தாண்டிப் போனான். 1272இல் பட்டத்துக்கு வந்து யாப்பகூவில் இருந்த முதலாம் புவனேகபாகுவின் காசிலும் அவனே. இந்த ராசாவுக்குத்தான் எகிப்தோடு வியாபாரம் செய்யும் ஆசை வந்தது. 1283இல் அபூ உஸ்மான் என்ற ஹாஜியாரைத் தூதராக்கிக் கெய்ரோவுக்கு, மம்லூக் சுல்தான் கலாவூனிடம் அனுப்பினார். ஹோர்முசு, பக்தாத் என்று சுற்றிப் போய்ச் சேர்ந்த ஹாஜியார் சபையில் ஒரு தங்கப் பெட்டியை வைத்தார். உள்ளே ஓலையில் ராசாவின் கடிதம். சுல்தானின் எழுத்தர்கள் வாங்கிப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். கெய்ரோ முழுக்க அதை வாசிக்க ஓர் ஆள் இல்லை.

அதே கெய்ரோவைச் சுற்றி மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான வண்டுகள் ராசா பேரோடு கிடந்தன. அவற்றையும் வாசிக்க ஓர் ஆள் இல்லை. பிரெஞ்சுக்காரன் சம்போலியன் 1822இல் அந்த எழுத்தின் பூட்டை உடைக்கும்வரை துத்மோசும் அமென்ஹோதெப்பும் வெறும் கீறலும் குருவிப் படமுந்தான்.

கடைசியில் கடிதத்தின் பொருளை ஹாஜியாரே வாயால் சொன்னார். எங்கள் ராசாவிடம் முத்து உண்டு, மாணிக்கம் உண்டு, யானை உண்டு, கறுவா உண்டு, 27 கோட்டை உண்டு, அத்தனையிலும் இரத்தினம் நிறைந்திருக்கிறது, சுல்தான் கேட்டால் வருடத்துக்கு இருபது கப்பல் தருவார். இதில் ஓலையில் இருந்தது எவ்வளவு, கல்முனைப் பக்கத்து வியாபாரச் சாதுரியம் எவ்வளவு என்று சரிபார்க்க யாருக்கும் வழியில்லை. சுல்தான் சந்தோசப்பட்டுப் பதில் கடிதமும் கொடுத்தனுப்பினார். அடுத்த வருடமளவில் புவனேகபாகு செத்தார். பாண்டியனின் தளபதி ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகூவைச் சூறையாடித் தந்ததாதுவையும் தூக்கிக்கொண்டு போனான். இருபது கப்பலில் ஒன்றும் போகவில்லை.

போனது பேர் மட்டும். ஹாஜியார் சொன்ன ராசா பேரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார், மக்ரீசி தன் வரலாற்றில் அதைச் சேர்த்துக்கொண்டார். அதன்படி 1283இல் இலங்கையை ஆண்டவர் அபூ நெக்பா. அந்தப் பேரில் சாய்ந்தமருதில் ஒரு ஹாட்வெயார் கடை இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.